நூறு என்றார்கள், பன்னிரண்டு வந்தது

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, என் தங்கச்சி விட்டுவிட்டுப் போன மகன். அவனையும் சேர்த்துத்தான் எண்ணுவேன். சேர்க்காமல் எண்ணுகிறவர்களைத் திருத்துவேன்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பெயரை, பஸ் நின்றால், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நிற்காவிட்டால் முடியாது. அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் மகன் வழிப் பேத்தி எழுதுகிறாள். மாதா கோயில் மாதர் சங்கத்தில் வயதான பெண்கள் ஆளுக்கு ஒரு நினைவு எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் கல்யாணத்தையும் அட்டைக்கடியையும் பழைய தொரைமாரையும் எழுதுவார்கள். அதெல்லாம் எல்லாருக்கும் நடந்தது. நான் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு இன்டர்நெட் வந்த கதையைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். என்னை ஏமாற்றுவது லேசு இல்லை. ஹந்தானை மலையில் நான் கொழுந்து பறித்த காலம் முழுக்க, நிறுக்கிற நேரத்தில் தராசுக்கு நேர் எதிரில் போய் நிற்பேன். முள் ஆடி ஓய்கிற வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டேன். முள் ஒன்று சொல்லும், கணக்கப்பிள்ளை ஒன்று எழுதுவார். கேட்டால் சாக்குக்கு இவ்வளவு கழிவு, ஈரத்துக்கு இவ்வளவு கழிவு என்பார். வெயில் காலத்தில் என்ன ஈரம் ஐயா என்று கேட்டவள் நான். "இந்தப் பொம்பள வந்துட்டாளா" என்று அவர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் அவரும் முணுமுணுத்திருப்பார். இருந்தாலும் என் கூடையில் கழிவு குறைவாகத்தான் விழும்.

சரி, இன்டர்நெட்டுக்கு வருகிறேன்.

என் பேத்தி கண்டி டவுனில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். பாடமெல்லாம் படமாக, பேச்சாக வருமாம், வீட்டிலிருந்தே இறக்கிப் பார்க்க வேண்டுமாம். எங்கள் மலையில் போன் சிக்னல் பிடிக்க கல் மேல் ஏறி நிற்க வேண்டும். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஆகவே என் மகன் கம்பி வழியாக வருகிற லைனுக்கு எழுதிக் கொடுத்தான். கம்பி ரோட்டுத் தூணிலிருந்து வர வேண்டும். எங்கள் காம்பரா வீட்டுக்கு வர ஒரே வழி, பக்கத்துக் காம்பராவின் கூரை மூலையில் ஒரு கொக்கி அடித்து அதில் பிடித்து இழுப்பதுதான்.

பக்கத்துக் காம்பராவில் இருப்பவளை நான் மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். உறவு ஒன்றும் இல்லை. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்தவர்கள், அவ்வளவுதான். கொக்கி அடிக்கலாமா என்று கேட்டேன்.

"அடிங்க மதினி. ஆனா கம்பி என் தலைக்கு மேல போகும்போது எனக்கும் கொஞ்சம் சொட்டட்டும்" என்றாள்.

அவளுக்கு வேண்டியது மகன் முகம். அவன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். போய் வருஷங்கள் ஆகிவிட்டன, ஒரு தடவைகூட வரவில்லை. சாயந்தரம் அவன் வேலை விட்டு வந்ததும், போனில் முகம் பார்த்துப் பேச வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. நியாயம் என்று எனக்கும் பட்டது. பெட்டி எங்கள் வீட்டில், கம்பி அவள் கூரையில். பாஸ்வேர்டை என் பேத்தியே போய் அவள் போனில் போட்டுக் கொடுத்தாள். லயத்தில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று பேச்சு.

கொஞ்ச நாள் ஒரு குறையும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். லயத்துச் சுவர் எப்படிப்பட்டது என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தும்மினால் மறுபக்கத்திலிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும்.

ஒரு நாள் பேத்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள மொனகுற?"

"ஒன்னுமில்ல அப்பாயி. நூறு எம்பி லைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. பாடம் எறங்குறப்ப பாத்தா பன்னெண்டுதான் காட்டுது."

"நூத்துல பன்னெண்டா?"

"ம்."

"மிச்சம் எங்க போச்சு?"

"தெரியல அப்பாயி."

கொழுந்து குறைந்தால் ஏதோ ஓர் இடத்தில் குறைந்திருக்க வேண்டும். மலையில் குறையலாம், சாக்கில் குறையலாம், தராசில் குறையலாம். தெரியல என்று விட்டுவிட்டால் அது தினமும் குறையும். நான் பேத்தியிடம் விசாரித்தேன். இந்த எம்பியை ரொம்பத் தின்பது எது?

"வீடியோ கோல்தான். மொகம் பாத்துப் பேசுறது" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சாதாரணமாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்தை நான் கவனிக்கத் தொடங்கினேன். முன்பு மதினி வாசல் பக்கம் உட்கார்ந்து பேசுவாள். இப்போது கதிரையை எங்கள் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறாள். ஏன்? சனி ஞாயிறில் அவளுடைய மகள் வழிப் பிள்ளைகள் கலஹாவிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். முன்பு கிறிஸ்துமஸுக்கும் திருநாளுக்கும்தான் வருவார்கள். இப்போது என்ன திடீர்ப் பாசம்? வந்த பிள்ளைகள் விளையாடப் போவதில்லை. ஆளுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடக்கிறார்கள். அதோடு மதினி எனக்கு ரொட்டி சுட்டு, கட்டச் சம்பலோடு கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கியிருந்தாள். நான் சாப்பிட்டேன். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் இல்லாமல் யாரும் ரொட்டி சுடுவதில்லை.

முதலில் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பெட்டி அவள் சுவர்ப் பக்கத்து அலுமாரி மேல் இருந்தது. அதை இந்தப் பக்கம், மாதா படத்துக்குக் கீழே மாற்றி வைக்கச் சொன்னேன். தூரமாகப் போனால் அவளுக்குக் குறையும், நமக்குக் கூடும் என்று என் கணக்கு.

"அப்பாயி, மாதாவுக்குப் பக்கத்துல வச்சா கூடுமா?" என்று பேத்தி சிரித்தாள்.

"சிரிக்காம எவ்வளவுன்னு பாரு."

பார்த்தாள். பன்னிரண்டு.

அடுத்த நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது மதினியிடம் வாயைக் கொடுத்தேன். வேறு பெண்களும் குடத்தோடு நின்றார்கள்.

"நேத்து ஒங்க மகன் ரொம்ப நேரம் பேசினாப்ல இருந்துச்சு."

"லீவு மதினி அவனுக்கு. சமைச்சதக் காட்டினான். பருப்பு கருகிப் போச்சு."

"கருகினதையும் காட்டணுமா?"

"ஏன், சுவர் வழியா தீஞ்ச வாடை வந்துச்சா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"வாடை வரல. ஆனா எங்க பக்கம் கொறயுது."

"என்ன கொறயுது?"

"எம்பி."

"அதென்ன, நான் முந்தானையில முடிஞ்சு கொண்டு போற சாமானா? எம் மகன் மொகந்தான் மதினி வருது. மூட்டையில ஒன்னும் வரல."

"மொகத்துக்கும் நிறை இருக்காம்" என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பதில் சொல்லாமல் போவது அவள் குணம் இல்லை. அதனால் என் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

அன்றைக்கே பேத்தியிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன்.

"பாவம் அப்பாயி. சாயந்தரம் அவங்க மகனோட பேசணும்."

"நான் வெட்டச் சொல்லல. நிறுத்துப் பாக்கச் சொல்றேன். அந்தப் பக்கம் மூடினா இந்தப் பக்கம் எவ்வளவு ஏறுதுன்னு பாத்துட்டுத் தொறந்து வுட்டுருவோம்."

"அவங்ககிட்ட சொல்லிட்டாவது..."

"சொல்லிட்டு நிறுத்தா அது நிறையா?"

மாற்றினாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

சாயந்தரம் ஆனது. சுவருக்கு அந்தப் பக்கம் மதினியின் குரல் கேட்டது. "ஹலோ... மகன்... ஹலோ, தெரியுதா?" கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் "ஹலோ". பிறகு கதிரை இழுபடுகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. பேத்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல், "இப்ப எவ்வளவு காட்டுது?" என்று கேட்டேன்.

பன்னிரண்டு.

"காலையில பாப்போம். உடனே ஏறாது" என்றேன். எனக்கு என்ன தெரியும், ஏறுமா ஏறாதா என்று. ஒழுகுகிற பைப்பை மூடினால்கூடத் தொட்டி நிறைய நேரம் எடுக்கும் அல்லவா. காலையிலும் பன்னிரண்டு. மறுநாளும் பன்னிரண்டு. அப்போதும் நான் விடவில்லை. ஏதோ வேறு வழியால் இழுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். சாயந்தரங்களில் அந்தப் பக்கம் சத்தமே இல்லையே, எப்படி இழுப்பாள் என்று பேத்தி கேட்டாள். சத்தம் இல்லாமல் எடுப்பதற்குப் பெயர்தான் திருட்டு என்றேன்.

பிறகு ஒரு காலையில் மதினி எங்கள் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று நான் இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக எழுந்தேன். அவள் முகம் சண்டை முகமாக இல்லை. கண் வீங்கி இருந்தது. கையில் போன்.

"புள்ள இருக்காளா மதினி? இதக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்களேன். வட்டமா சுத்துது, மொகம் வர மாட்டேங்குது. அவனும் எடுக்கல. பாலைவன ரோட்டுல லொறி ஓட்டுறவன். அவனுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமோன்னு கோயில்ல மெழுகுதிரி கொளுத்திட்டு வாறேன்."

அவள் போன் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். இல்லாவிட்டால் மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவள் நிறுத்தியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஆள் நம்மைச் சந்தேகப்படாமல் இருந்தால், நாம் சந்தேகப்பட்டது நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது.

பொய் சொல்ல எனக்கு வராது. "ஒங்க மகனுக்கு ஒன்னும் இல்ல. லைன நிப்பாட்டச் சொன்னது நான்தான்" என்றேன்.

அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"கம்பி எந்த வழியா வருதுன்னு ஞாபகம் இருக்கா மதினி?"

"இருக்கு."

"இருந்தா சரி."

போய்விட்டாள். அன்றைக்குப் பகல் முழுக்க நான் வெளியே பலகையைப் போட்டு உட்கார்ந்து அவள் கூரை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியோடு ஏணி வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விறகு எடுக்க வந்தாள், போனாள். துணி காயப்போட்டாள். கொக்கிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஏன் வெட்டவில்லை என்று அது வேறு ஒரு சந்தேகம்.

பேத்தி பொறுக்காமல் லைன் கொடுத்த இடத்துக்குப் போன் போட்டு, நூறு வரவில்லை என்று புகார் சொன்னாள். ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தார். நடுத்தர வயது, சிங்கள ஆள். பேத்தி அவரோடு சிங்களத்தில் பேசினாள், எனக்கும் விளங்கும். அவர் மதினியின் கூரை மூலைக்கு ஏணி வைத்துக் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். யாரோ தன் கூரையில் ஏறுவதைப் பார்த்து மதினியும் வந்து, எங்கள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டாள்.

அவர் உள்ளே வந்து தன் போனில் ஏதோ தட்டினார். முள் ஒன்று ஏறி ஆடியது. தராசு முள் மாதிரியேதான். ஓய்ந்ததும் தொண்ணூற்றாறு என்றார்.

"லைன் நல்லாத்தான் இருக்கு அம்மே."

"அப்ப இவ கம்ப்யூட்டர்ல ஏன் பன்னெண்டு?"

"அதுவும் சரிதான். ரெண்டும் ஒன்னு."

தொண்ணூற்றாறும் பன்னிரண்டும் ஒன்று என்று என் முகத்துக்கு நேரே ஒருவர் சொல்கிறார். நான் அவரை விடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னேன். அவர் பொறுமையான ஆள். காட்டினார், விளக்கினார். லைன் விற்கிறவர்கள் சின்ன அளவில் எண்ணுகிறார்களாம். கம்ப்யூட்டர் பெரிய அளவில் எண்ணுகிறதாம். சின்னது எட்டு சேர்ந்தால் பெரியது ஒன்று. இரண்டையும் ஒரே இங்கிலீஷ் எழுத்துகளால்தான் எழுதுவார்களாம். கடைசி எழுத்து சின்னதாக இருந்தால் அது, பெரிதாக இருந்தால் இது. வாயால் சொல்லும்போது இரண்டும் எம்பிதான்.

பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இது எனக்குத் தோணவே இல்லையே" என்றாள். நான் இன்னும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது வாசலிலிருந்து குரல் வந்தது.

"சுண்டும் கொத்தும் மதினி."

எல்லாரும் திரும்பினோம்.

"கடையில நூறு சுண்டு அரிசின்னு வாங்கிட்டு வந்திருக்கீங்க. வீட்டுல கொத்தால அளந்து பாத்திருக்கீங்க. கொறையத்தானே செய்யும்? கொறஞ்சத நான் களவெடுத்துட்டேன்னு கதவச் சாத்திட்டீங்க. நாங்க அரிசி அளந்தப்ப நாலு சுண்டு ஒரு கொத்து. இவங்களுக்கு எட்டாம். அவ்வளவுதான் வித்தியாசம். காலம் பூரா தராசு முள்ளப் பாத்த கண்ணுக்குப் படி எதுன்னு தெரியல."

லைன்காரர் பேத்தியிடம் என்ன சொல்கிறார் இந்த அம்மா என்று கேட்டார். பேத்தி சிங்களத்தில் சொன்னாள். அவர் "அதேதான், அதேதான்" என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

நான் பேத்தியிடம், "மதினி போன்ல புதுப் பாஸ்வேர்டப் போட்டுக் குடு" என்றேன்.

"எனக்கு வேணாம்" என்றாள் மதினி. திரும்பி நடந்தாள்.

சாயந்தரம் அவள் மகன் பேசுகிற நேரம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. நான் கெஞ்சுகிற ஆள் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எழுந்து போனேன். அவள் அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"வேணாம்னு சொன்னீங்களே, ஒங்களுக்கு வேணாம். அவனுக்கு வேணுமா வேணாமான்னு கேட்டீங்களா?"

"எதுல கேக்குறது? கேக்குற வழியத்தான் நீங்க அடைச்சிட்டீங்களே."

"போன எடுத்துட்டு எங்கூட்டுக்கு வாங்க. பெட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்து பேசுங்க. ஒரு சொட்டு வெளிய சிந்தாது."

"சிந்தினா நிறுப்பீங்க."

"நிறுப்பேன். வாங்க."

வந்தாள். என் கதிரையில் உட்கார்ந்தாள். பேத்தி போனை வாங்கித் தட்டிக் கொடுத்தாள். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது, முகம் வந்துவிட்டது. பையன் இளைத்துப்போய், தாடி விட்டிருந்தான்.

"அம்மா! என்னம்மா ஆச்சு? எத்தன தடவ எடுத்தேன் தெரியுமா? போனே போகல. ஒங்களுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நெனச்சுட்டேன். தூக்கமில்லாம வண்டி ஓட்டுறேன்."

அவள் இப்போது சொல்லப்போகிறாள், என் வீட்டில், என் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்துக்கு முன்னாலேயே. சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"கரண்ட் இல்ல மகன்" என்றாள். "காத்துல மரம் முறிஞ்சு கம்பி மேல விழுந்துருச்சு. சவுக்கு மரம். பெருசு." சொல்லும்போது போனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அது யாரு பக்கத்துல, அத்தையா? குடுங்க." போன் என் பக்கம் திரும்பியது. "அத்தை, ஒங்க பக்கமும் கரண்ட் இல்லையா?"

நான் என்ன செய்வேன்?

"ஆமா மகன்" என்றேன். "பெரிய மரம்."

"ஒங்க புண்ணியத்துலதான் அத்தை அம்மா மொகத்தப் பாக்குறேன்" என்றான் அவன். மதினி இருமினாள். சிரிப்பை இருமலாக மாற்றுவது அவளுக்கு நன்றாக வரும்.

இப்போது மதினியின் போனில் புதுப் பாஸ்வேர்ட் இருக்கிறது. கலஹாப் பிள்ளைகள் வந்து சுவரில் சாய்கிறார்கள். பெட்டியை மாதா படத்துக்குக் கீழேயே விட்டுவிட்டேன். ரொட்டி மட்டும் வருவதில்லை. இனி வருமா என்று நான் கேட்கப் போவதில்லை.

எனக்கு இன்னும் தீராத சந்தேகம் இரண்டு உண்டு. ஒன்று, லைன் விற்கிறவர்கள் மேல். பெரிய அளவு ஒன்று இருக்கும்போது சின்ன அளவில் ஏன் சொல்ல வேண்டும்? பன்னிரண்டு என்று சொன்னால் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள், நூறு என்றால் பிளப்பார்கள். அதில் பொய் இல்லை என்று பேத்தி சொல்கிறாள். பொய் இல்லாமல் ஏமாற்றத் தெரிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்றது, மதினி மேல். அவள் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை? நல்ல மனசு என்று சொல்லிவிடலாம். இல்லாவிட்டால், என்றைக்காவது பீலியில் நான் வாயைத் திறந்தால், "மரம் எப்படி மதினி இருக்கு?" என்று கேட்பதற்காகக் கையில் வைத்திருக்கிறாள். ஒரு முறை கேட்டும்விட்டாள். சுற்றி நின்றவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அப்படி அவள் கையில் ஒன்றை விட்டுவைக்க எனக்கு மனசில்லை. அதற்காகத்தான் மாதர் சங்கத்துக்கு இதைச் சொல்லி எழுத வைக்கிறேன். வாசிக்கும்போது மதினி முன் வரிசையில் இருப்பாள். யாராவது இதைப் போனில் படம் பிடித்து அவள் மகனுக்கும் அனுப்புவார்கள். அனுப்பட்டும். மகன், அன்றைக்குக் கரண்ட் இருந்தது. மரம் ஒன்றும் விழவில்லை. நிப்பாட்டச் சொன்னது உன் அத்தை. உன் அம்மா ஒரு எம்பிகூடக் களவெடுக்கவில்லை. சின்ன எம்பியும் இல்லை, பெரிய எம்பியும் இல்லை.

எழுதினியா புள்ள? எல்லாத்தையும் எழுதினியா, இல்ல அப்பாயி பாவம்னு எதையாச்சும் வுட்டியா? எங்க, மொதல்ல இருந்து வாசி. மெதுவா வாசி, எனக்கு ஒன்னும் அவசரம் இல்ல. கொஞ்சம் சத்தமாவும் வாசி. அந்தப் பக்கம் கதிரை இழுக்குற சத்தம் கேட்டுச்சு.